கேட்டதும் வேண்டியதும்

ஓர் ஊரில் இரண்டு தச்சர்கள் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல்வரிடம் போய், ‘ஒரு நாற்காலி செய்து தர வேண்டும்’ என்று கேட்கிறோம். அவர் உடனே அளவுகோலை எடுக்கிறார். உயரம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, தேக்கா, வேங்கையா என்று கேட்டுக்கொள்கிறார். சொன்ன நாளில் நாற்காலி வந்துவிடுகிறது. மற்றவரிடம் போகிறோம். அவர் அளவுகோலைத் தொடுவதற்கு முன்னால், ‘யார் உட்காருவதற்கு?’ என்று கேட்கிறார். ‘எங்கள் பாட்டியார் உட்காருவதற்கு’ என்கிறோம். ‘அவர்களுக்கு முழங்கால் வலி உண்டா? உட்கார்ந்தால் தாமாகவே எழுந்திருக்க முடிகிறதா?’ என்று மேலும் கேட்கிறார். பிறகு இருக்கையைச் சற்று உயர்த்தி, ஊன்றி எழுவதற்கு வாகாகக் கைப்பிடி அமைத்துச் செய்து தருகிறார். முதல் தச்சர் நாம் கேட்டதைக் கொடுத்தார். இரண்டாம் தச்சர் நமக்கு வேண்டியதைக் கொடுத்தார். கைத்திறனில் இருவரும் ஒரே தரத்தினர்தாம். வேற்றுமையெல்லாம் அந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

அந்தக் கேள்வி இன்றைய அலுவலகங்களில் எங்கே தொலைந்து போகிறது, அதை எவ்வாறு மீட்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

வங்கி, மருத்துவமனை, ஆலை, அரசு அலுவலகம் என்று எதை எடுத்துக்கொண்டாலும், அங்கே இன்று தகவல் தொழில்நுட்பத் துறை என்று ஒரு பிரிவு இருக்கிறது. கணிப்பொறிகளும், அவற்றை இணைக்கும் வலையமைப்பும், அவற்றில் ஓடும் நிரல்களும் அதன் பொறுப்பு. பல இடங்களில் இப்பிரிவு நடந்துகொள்ளும் முறை முதல் தச்சரின் முறையே. மற்றத் துறையினர் தங்கள் வேண்டுகோளை ஒரு சீட்டாக எழுதி அனுப்புகிறார்கள். சீட்டுக்கு ஓர் எண் கொடுக்கப்படுகிறது. வரிசை வரும்போது ஒருவர் அதை எடுத்து, எழுதியிருப்பதை எழுதியிருப்பது போலவே செய்து, ‘முடிந்தது’ என்று குறித்துவிடுகிறார். மாத முடிவில், இத்தனை சீட்டுகள் வந்தன, இத்தனை முடிந்தன என்று கணக்குக் காட்டப்படுகிறது. உணவு விடுதியில் வேண்டியதைக் கேட்டு எழுதிக்கொண்டு போய், கொண்டுவந்து வைக்கும் பணிக்கு ஒப்பானது இது.

இதில் என்ன தவறு என்று நீங்கள் கேட்கலாம். நானும் ஒரு காலத்தில் அவ்வாறுதான் கேட்டேன். என் கேள்விக்குக் கிடைத்த விடையை உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

இளமையில் நான் ஒரு மருத்துவமனையின் கணிப்பொறிப் பிரிவில் பணியாற்றினேன். அதன் பெயர் இங்கே வேண்டியதில்லை. மருந்துக் கிடங்கிலிருந்து ஒருநாள் எங்களுக்கு ஒரு சீட்டு வந்தது. ஒவ்வொரு நாளும் காலை 7 மணிக்கு, எந்த மருந்து எவ்வளவு கையிருப்பில் உள்ளது என்று ஒரு பட்டியல் வேண்டும் என்பது அதன் வாசகம். மூன்று வாரத்தில் செய்து கொடுத்தோம். பட்டியல் தவறாமல் 7 மணிக்கு அச்சாகி வந்தது. பாராட்டும் பெற்றோம்.

சில மாதங்கள் சென்றன. ஓர் இரவு, பத்து மணிக்கு மேல், தொலைவிலுள்ள சிற்றூரிலிருந்து தொலைபேசியில் ஒருவர் பேசினார். பாம்பு கடித்த ஓர் உழவரை வண்டியில் ஏற்றியிருக்கிறோம். உங்களிடம் நச்சுமுறிவு மருந்து இருக்கிறதா, அல்லது வேறு மருத்துவமனைக்குப் போகட்டுமா என்று கேட்டார். பணியிலிருந்த மருத்துவர் மேசைமேலிருந்த பட்டியலைப் பார்த்தார். 24 குப்பிகள் என்றிருந்தது. ‘இங்கேயே வாருங்கள்’ என்றார். வண்டி வந்து சேர்ந்தது. செவிலியர் அலமாரியைத் திறந்தார். நான்கு குப்பிகளே இருந்தன. அன்று பிற்பகலில் வந்த இருவருக்கு 20 குப்பிகள் செலவாகியிருந்தன. அதற்கான தாள்கள், மறுநாள் காலையில் கணிப்பொறியில் பதிவதற்காக, இழுப்பறையில் பத்திரமாக இருந்தன! இருந்த நான்கையும் செலுத்திவிட்டு, வேறொரு மருத்துவமனைக்கு ஆளை விரட்டி மருந்து கொண்டுவந்தார்கள். ஒரு மணி நேரத்திற்கு மேல் ஆயிற்று. அந்த உழவர் பிழைத்தார். ஆனால், அந்த ஒரு மணி நேரத்தை அவருடைய மனைவி எவ்வாறு கழித்திருப்பார் என்பதை என்னால் இன்றும் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் விசாரணை நடந்தது. என் கையில் பழைய சீட்டு இருந்தது. ‘காலைப் பட்டியல் கேட்டார்கள், காலைப் பட்டியல் கொடுத்தோம். கையொப்பமும் இருக்கிறது’ என்றேன். ஒருவராலும் மறுக்க முடியவில்லை. அப்போது ஓரத்தில் நின்றிருந்த மூத்த செவிலியர் ஒருவர், ‘தம்பி, அந்தப் பட்டியல் எதற்காக என்று நீங்கள் யாரையாவது கேட்டீர்களா?’ என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. இருந்தாலும் எனக்கு விடை சொல்ல வாய் வரவில்லை.

அன்றிரவு நானும் என் தோழர் ஒருவரும் அந்த மருந்து அலமாரியின் அருகிலேயே ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தோம். விடியும்வரை நடந்ததைப் பார்த்தோம். பிறகு நாங்கள் செய்த மாற்றம் மிக எளியது. பழைய கணிப்பொறி ஒன்றை அந்த அலமாரியின் பக்கத்திலேயே வைத்தோம். மருந்தை எடுக்கும்போதே பதிவு செய்யும்படி அமைத்தோம். உயிர்காக்கும் மருந்துகள் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனால் உடனே எச்சரிக்கை வரும்படி ஏற்பாடு செய்தோம். அந்த மூத்த செவிலியர் சொன்ன திருத்தங்கள் எங்கள் திட்டத்தில் பாதிக்கு மேல் இருந்தன. இவ்வளவையும் முதல் நாளிலேயே செய்திருக்கலாம். எங்களுக்கு அறிவு குறைவில்லை, கருவியும் குறைவில்லை. எவருக்காக வேலை செய்கிறோமோ அவர் அருகே போய் உட்கார வேண்டும் என்னும் எண்ணம்தான் இல்லாமற்போயிற்று.

நண்பர்களே, இவ்வெண்ணம் புதியதன்று என்பதை எடுத்துக்காட்ட, வணிகத்தில் கணிப்பொறி முதன்முதலாகப் புகுந்த கதையை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அது தொடங்கிய இடம் ஒரு ரொட்டி அடுமனை என்றால் வியப்படைவீர்கள்.

இங்கிலாந்தில் ஜே. லயன்ஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. தேயிலை, ரொட்டி, கேக்கு முதலியவற்றை விற்றதோடு, இருநூறுக்கு மேற்பட்ட தேநீர்க் கடைகளையும் அது நடத்தியது. ஒரு கோப்பைத் தேநீரில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறியது. ஆகவே, கணக்கெழுதும் செலவு சற்று மிகுந்தாலும் ஆதாயம் கரைந்துபோகும். கேம்பிரிட்ஜில் கணிதம் பயின்ற ஜான் சிம்மன்ஸ் என்பவர் 1923-ஆம் ஆண்டில் அந்த நிறுவனத்தில் சேர்ந்தார். அவர் வளர்த்த முறைமை ஆய்வுப் பிரிவு, நிறுவனத்தின் ஒவ்வோர் அலுவலகத்திற்கும் சென்று, ஒவ்வொரு படிவத்தையும் எடுத்து, ‘இதை எவர் எழுதுகிறார்? எவர் படிக்கிறார்? படித்து என்ன முடிவு செய்கிறார்?’ என்று கேட்டு வந்தது. கணிப்பொறி என்று ஒன்று பிறப்பதற்கு முன்பே, அதற்கு வேண்டிய கேள்விகள் அங்கே பிறந்துவிட்டன.

1947-இல் அந்நிறுவனத்தின் அலுவலர்களான தாம்சன், ஸ்டேண்டிங்ஃபோர்டு என்னும் இருவர் அமெரிக்காவுக்குச் சென்றார்கள். புதிய மின்னணுக் கணக்கிடும் பொறிகளைப் பற்றி அறிந்தார்கள். தம் நாட்டிலேயே, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மாரிஸ் வில்க்ஸ் என்னும் அறிஞர் அத்தகைய பொறி ஒன்றை அமைத்து வருகிறார் என்ற செய்தியையும் அங்கேதான் கேட்டார்கள். லயன்ஸ் நிறுவனம் அவருக்குப் பொருளுதவி செய்தது. தன் ஊழியர் ஒருவரையும் அனுப்பி உதவியது. அந்தப் பொறி 1949 மே மாதம் இயங்கியது. உடனே லயன்ஸ் நிறுவனத்தார் ஜான் பிங்கர்ட்டன் என்னும் பொறியியலாரைக் கொண்டு தமக்கென்று ஒரு கணிப்பொறியைக் கட்டத் தொடங்கினார்கள். அதற்கு லியோ என்று பெயரிட்டார்கள். லயன்ஸ் மின்னணு அலுவலகம் என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. கேக்குச் சுடும் நிறுவனம் கணிப்பொறி கட்டுகிறது என்று கேட்டவர்கள் நகைத்திருக்கலாம். ஆனால், 1951 நவம்பர் முடிவில், ரொட்டி அடுமனையின் வாராந்தரப் பொருள் மதிப்பீட்டை லியோ கணக்கிட்டுக் கொடுத்தது. அன்றாட வணிக வேலை ஒன்றை ஒரு கணிப்பொறி முறையாக ஏற்றுச் செய்தது உலகில் அதுவே முதல் தடவை.

லியோவின் நிரல்களை உருவாக்கும் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர் டேவிட் காமினர். அவர் லயன்ஸ் நிறுவனத்தில் வணிக நடைமுறைகளைக் கற்று வளர்ந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஒரு காலை இழந்தவர். கணிப்பொறியை அவர் பின்னர்தான் அறிந்தார். கடையையும் கிடங்கையும் முன்பே அறிந்திருந்தார். ஒரு வேலையைக் கணிப்பொறிக்கு மாற்றுவதற்கு முன்னால், அந்த வேலை முழுவதையும் தொடக்கம் முதல் முடிவுவரை ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை.

இதன் பயனை 1954-இல் தேநீர்க் கடைகளின் வேலையில் கண்டார்கள். ஒவ்வொரு கடைக்கும் மறுநாள் எவ்வளவு ரொட்டி வேண்டும், எவ்வளவு கேக்கு வேண்டும் என்று நாள்தோறும் நீண்ட பட்டியல்கள் எழுதப்பட்டு வந்தன. கேட்டதை மட்டும் கொடுப்பவராயிருந்தால், அந்தப் பட்டியல்களை எல்லாம் அப்படியே கணிப்பொறியில் ஏற்றியிருப்பார்கள். அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. ஒரு கடையின் திங்கட்கிழமைத் தேவை பெரும்பாலும் மற்றத் திங்கட்கிழமைகளின் தேவையைப் போலவே இருப்பதைக் கவனித்தார்கள். ஆகவே, வாரத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிலையான பட்டியலைக் கணிப்பொறிக்குக் கொடுத்தார்கள். பின்னர் நாள்தோறும் குறித்த நேரத்தில் தலைமையகத்துப் பெண் ஊழியர் ஒருவர் கடையின் பொறுப்பாளரான பெண்மணியைத் தொலைபேசியில் அழைப்பார். நிலையான பட்டியலிலிருந்து நாளைக்கு என்ன மாற்றம் என்று மட்டும் கேட்பார். கேட்டபடியே அட்டையில் துளையிட்டுப் பதிவார். மழை வருமென்று தோன்றினால் குளிர்ந்த பண்டங்களைக் குறைத்துக்கொள்வது பொறுப்பாளரின் அறிவுக்கு விடப்பட்டது. கூட்டிப் பெருக்கி, எவ்வளவு சுட வேண்டும், எந்த வண்டியில் எதை ஏற்ற வேண்டும் என்று சொல்வது கணிப்பொறிக்கு விடப்பட்டது. கடைக்காரரின் அறிவு, கணிப்பொறியின் வேகம் இரண்டும் அவ்வாறு கைகோத்தன. வணிகத் துறையும் தொழில்நுட்பத் துறையும் கூடி வேலை செய்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மாணவியருக்கு ஒரு செய்தி. லியோவுக்கு நிரல் எழுதியவர்களில் மேரி கூம்ஸ் என்னும் பெண்மணியும் ஒருவர். பிரெஞ்சு மொழியும் வரலாறும் பயின்ற அவர், நிறுவனம் வைத்த தேர்வில் தேறி 1952-இல் அப்பணிக்கு வந்தார். வணிகக் கணிப்பொறிக்கு நிரல் எழுதிய முதல் பெண் என்று அவர் போற்றப்படுகிறார். சொல்லைக் கூர்ந்து கேட்டுப் பொருளை ஐயமின்றி உணரும் பயிற்சி, மொழி கற்றவர்க்கும் வரலாறு கற்றவர்க்கும் உண்டல்லவா?

இனி, இதற்கு மாறான ஒரு கதையையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் மத்தியப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ., தன் வழக்குக் கோப்புகளைக் காகிதத்திலிருந்து கணிப்பொறிக்கு மாற்ற எண்ணி, 2001-இல் ஒரு வெளி நிறுவனத்திடம் பணியை ஒப்படைத்தது. வேண்டியவற்றை எல்லாம் எழுதினார்கள். அந்த ஆவணம் 800 பக்கங்களைத் தாண்டியது. திரையில் எந்தப் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், அதன்மேல் என்ன எழுத வேண்டும் என்பதுகூட அதில் இருந்தது. ஒரு புலனாய்வாளர் ஒரு வழக்கை எவ்வாறு நடத்துகிறார், அதில் எவ்விடத்தில் இடர்ப்படுகிறார் என்பது தெளிவாகவில்லை. இடையில் 2001 செப்டம்பர் தாக்குதல் நிகழ்ந்தது; தேவைகள் மாறின; ஆணைகள் மாறின. ஒரு பக்கத்தார் மாற்றி மாற்றிக் கேட்டார்கள். மறு பக்கத்தார் தலையசைத்துக் கட்டிக்கொண்டே போனார்கள். 2003 முடிவில் கையில் வந்தது பயன்படவில்லை. 2005-இல் அம்முயற்சி கைவிடப்பட்டது. செலவு ஏறத்தாழ 17 கோடி டாலர்!

அடுத்த முயற்சி 2006-இல் தொடங்கி, அதுவும் தடுமாறியது. 2010-இல் அத்துறை பொறுப்பைத் தானே ஏற்றது. ஒரு சிறு குழு, இரண்டு வாரத்திற்கு ஒரு பகுதியாகச் செய்து, புலனாய்வாளரிடமே காட்டி, அவர் சொல்லும் குறையைத் திருத்தி, அடுத்த பகுதிக்குச் சென்றது. 2012 ஜூலையில் அது பயனுக்கு வந்தது. செய்வோரும் பயன்படுத்துவோரும் ஒரே மேசையில் அமர்ந்ததே இந்தத் திருப்பத்துக்குப் பெருங்காரணம்.

அப்படியானால், ஏவியதைச் செய்யும் துறை தோள்கொடுக்கும் துறையாக மாறுவதற்கு வழி என்ன? என் பட்டறிவில் கண்ட சிலவற்றைச் சொல்லுகிறேன்.

முதலாவது, அன்றாடக் கடமையில் பிழையின்மை. பழுதான அச்சுப்பொறியைச் சரிசெய்ய நான்கு நாள் எடுத்துக்கொள்ளும் துறை, ‘நிறுவனத்தின் எதிர்காலத்தைப் பற்றிக் கலந்து பேசலாம், வாருங்கள்’ என்று அழைத்தால் ஒருவரும் வரமாட்டார். சிறியதில் நம்பிக்கை பெற்றவனிடமே பெரியதைப் பற்றிப் பேசுவார்கள்.

இரண்டாவது, நோக்கத்தைக் கேட்பது. இதிலும் அளவு வேண்டும். மறந்துபோன கடவுச்சொல்லை மாற்றித் தரும்படி ஒருவர் கேட்டால், ‘தாங்கள் உள்ளே செல்ல விரும்புவதன் நோக்கம் யாது?’ என்று தத்துவ விசாரணை நடத்தலாகாது! மாற்றிக் கொடுத்துவிட வேண்டியதுதான். ஆனால், பலருடைய வேலையை மாற்றக்கூடிய வேண்டுகோள் வரும்போது, ‘இது கிடைத்தால் தாங்கள் என்ன செய்வீர்கள்? இன்று இது இல்லாமல் எவ்வாறு சமாளிக்கிறீர்கள்?’ என்னும் இரண்டு கேள்விகளையேனும் பணிவோடு கேட்க வேண்டும்.

மூன்றாவது, இடம் மாறி உட்காருவது. கணக்கர் அருகிலும், கிடங்குக்காரர் அருகிலும், செவிலியர் அருகிலும் ஒரு நாள் முழுதும் இருந்து பார்த்தவனுக்குப் புலப்படுவது, நூறு பக்க ஆவணத்தில் புலப்படுவதில்லை. தாம் வழக்கமாகச் செய்யும் சுற்றுவழிகளை மனிதர் சீட்டில் எழுதுவதில்லை. அவை அவர்களுக்குப் பழகிப்போனவை.

நான்காவது, அளவையை மாற்றுவது. எத்தனை சீட்டு முடிந்தது என்று எண்ணினால், சீட்டை முடிப்பதிலேயே கருத்துச் செல்லும். நோயாளி காத்திருந்த நேரம் குறைந்ததா, வீணான சரக்குக் குறைந்ததா என்று இரு துறைகளும் சேர்ந்து எண்ணினால், இரு துறையினரின் கண்ணும் ஒரே இடத்தில் பதியும். வென்றால் இருவருக்கும் வெற்றி. தோற்றால் ‘எங்கள் சீட்டைப் பாருங்கள்’ என்று ஒருவர் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை.

ஐந்தாவது, மறுக்கும் துணிவு. கேட்டதைச் செய்தால் தீங்கு விளையும் என்று தெரிந்தால், காரணத்தைச் சொல்லி, மாற்று வழியையும் சொல்லி, ‘இது வேண்டாம்’ என்று கூற வேண்டும். ஏவலாளிடம் இதை எவரும் எதிர்பார்ப்பதில்லை. உடன் உழைப்பவர் இதைச் சொல்லத் தவறினால் அது அவர் குற்றமாகும்.

இவையெல்லாம் தொழில்நுட்பத் துறை மட்டும் செய்து முடிக்கக்கூடியவை அல்ல. மற்றத் துறையினரும் தம் பங்கைச் செய்ய வேண்டும். கூட்டத்திற்கு, வேலை இல்லாமல் இருப்பவரை அனுப்பாமல், வேலையை நன்கு அறிந்தவரை அனுப்ப வேண்டும். அவருக்கு அன்று வேறு சுமை இருக்கத்தான் செய்யும். அந்தச் சுமையைக் குறைத்து அனுப்புவது மேலதிகாரியின் கடமை. தொழில்நுட்பத்தாரும், ‘எங்களுக்கே எல்லாம் தெரியும்’ என்று எசமானர்களாகிவிடக் கூடாது. ஏவலாளாயிருந்தவன் எசமானனாக மாறுவது கூட்டுறவாகாது.

மாணவ நண்பர்களே! உங்களில் பலர் நாளை கணிப்பொறித் தொழிலுக்குச் செல்வீர்கள். வேறு பலர் வங்கியிலும் ஆலையிலும் மருத்துவமனையிலும் இருந்துகொண்டு, அத்தொழிலாரிடம் உதவி கேட்பீர்கள். இன்று, நாம் சொல்வதைக் கேட்டு நொடியில் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்துவிட்டன. கேட்டதைக் கேட்டவாறு செய்து கொடுப்பது மட்டுமே ஒருவருடைய திறமையென்றால், அத்திறமையின் விலை நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். என்ன கேட்க வேண்டும் என்று தேர்ந்து சொல்வதற்கு, அந்த அலமாரியைத் திறந்து பார்த்த ஒருவர் வேண்டும். அந்த உழவரின் மனைவி வாசலில் நிற்பதைக் கண்ட ஒருவர் வேண்டும்.

அந்தப் பயிற்சியை நீங்கள் இன்றே தொடங்கலாம். கல்லூரி விழாவுக்கு அறிவிப்பு எழுதித் தரும்படி நண்பர் கேட்டால், ‘யார் படிப்பதற்கு?’ என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். வீட்டில் கடைக்குப் போகச் சொன்னால், ‘எதற்காக, அம்மா?’ என்று கேட்டுப் பாருங்கள். சோம்பலால் கேட்கிறீர்கள் என்று அம்மா முதலில் எண்ணக்கூடும். போய் வந்தபின் எண்ணம் மாறிவிடும்.